பிள்ளை பிறப்பதற்குள் அப்பா பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும்: அயர்லாந்து குடியுரிமைக்காக நாங்கள் அலைந்தது

தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்பது மெல்போர்னில் பலருக்கும் தெரிந்த விஷயம். அதற்கு வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், பெயர் ஏறிய நாளிலிருந்துதான் குடியுரிமை. அதற்கு முன்னால் பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அப்பா அல்லது அம்மாவின் பதிவை வைத்து எதுவும் கேட்க முடியாது. இந்த ஒரு விதியை எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் நேர்மாறாகச் சொல்லி அனுப்பினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் கணவருடைய அம்மாவின் அம்மா 1919இல் அயர்லாந்தில் பிறந்தவர். போருக்குப் பிறகு மெல்போர்னுக்குக் கப்பலேறி வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, இங்கேயே இறந்துபோனார். நான் உண்டாகியிருந்த சமயத்தில்தான் இவர் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தார். பத்திரங்களை எல்லாம் சரிபார்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்திருந்த ஓர் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் வயிற்றைப் பார்த்தபடியே, "அவசரமே இல்லை, குழந்தை பிறந்து செட்டில் ஆன பிறகு ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்றார். அதற்கு ஒரு கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அயர்லாந்து வெளியுறவுத் துறையின் பக்கத்தை வரிவரியாகப் படித்தேன். அப்போதுதான் விதி கண்ணில் பட்டது. அவர் சொன்னபடி செய்திருந்தால் என் பிள்ளைக்கு அந்த உரிமை போயே போயிருக்கும். தயவுசெய்து யார் வாய்வார்த்தையையும் நம்பாதீர்கள். துறையின் பக்கத்தை நீங்களே படியுங்கள். படிவத்தை நிரப்ப இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அயர்லாந்தில் பிறந்த அம்மாவின் மகள் என்பதால் என் மாமியார் பிறந்ததிலிருந்தே அந்த நாட்டுக் குடிமகள். அவருக்குப் பதிவேடே வேண்டாம், நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். எழுபது வயதுக்குப் பிறகு இதைக் கேட்டவர் நம்பாமல் என்னைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார். மாமனார் வழிக்கு எதுவும் கிடையாது. அவர்களும் ஐரிஷ்காரர்கள்தான். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கு மேலும் பலர் நாட்டை விட்டுப் போனார்களே, அந்த அலையின் பின்னால் விக்டோரியாவின் கோரொய்ட் பக்கம் வந்து சேர்ந்து, இங்கேயும் உருளைக்கிழங்கே பயிரிட்ட குடும்பம். பசியில் துரத்தப்பட்டவர்களின் வாரிசுக்கு வழி இல்லை, 1949இல் டிக்கெட் வாங்கி வந்தவரின் பேரனுக்கு உண்டு. பாட்டி, தாத்தாவைத் தாண்டி மேலே போக முடியாது. நடுவில் உள்ள தலைமுறை அடுத்தது பிறப்பதற்கு முன்பே பதிந்திருந்தால் மட்டும் சங்கிலி தொடரும்.

சரி, பத்திரங்களுக்கு வருகிறேன். பாட்டி, அம்மா, விண்ணப்பிப்பவர் என்று மூன்று தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகள் வேண்டும். இறந்தவர்களுக்கு இறப்புச் சான்றிதழ், இருப்பவர்களுக்கு அடையாள அட்டையின் சான்றளிக்கப்பட்ட நகல்.

பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடுவதிலேயே முதல் அடி விழுந்தது. அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பும் அரசுப் பதிவில் வரத் தொடங்கியது 1864இல். நூறு வருடம் தாண்டிய பிறப்புப் பதிவுகளின் படங்களை ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பாட்டி மேயோ கவுன்டிக்காரர் (கவுன்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) என்று குடும்பம் முழுக்கச் சொல்லும். அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்து நடக்கும் நாளில் மேயோவின் பச்சை சிவப்புச் சட்டையோடுதான் வானொலி முன்னால் உட்காருவாராம். மேயோவில் இருக்கிற பதிவு வட்டம் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றிலும் அவர் இல்லை.

மாமியார் பழைய கடிதக் கட்டை எடுத்துக் கொடுத்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. உறையில் இருந்த ஊர்ப் பெயர் பாலஹடெரீன். அந்த ஊர் முன்னால் மேயோவில் இருந்தது. 1898இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தில் ராஸ்காமன் கவுன்டிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்க் கால்பந்துக் குழு இன்றைக்கும் மேயோவுக்குத்தான் ஆடுகிறது. பாட்டி மனதில் மேயோக்காரர், காகிதத்தில் ராஸ்காமன். ராஸ்காமனில் இருக்கும் காஸ்டில்ரே வட்டத்தில் தேடியதும் கிடைத்துவிட்டார். உங்கள் வீட்டில் எந்தக் கவுன்டி என்று சொல்கிறார்களோ அதோடு நிற்காமல் பக்கத்துக் கவுன்டிகளையும் பாருங்கள். பதிவு வட்டங்கள் கவுன்டி எல்லையை மதிப்பதில்லை.

அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கறுப்பு மையில் சாய்ந்த எழுத்து. அப்பா பெயர், குடியிருந்த சிற்றூர், அம்மா பெயரும் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும், தொழில் விவசாயம். தகவல் கொடுத்தவர் பாட்டியின் பாட்டி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி அவருடைய அடையாளம் என்று பதிவாளர் எழுதியிருக்கிறார். மாமியார் அந்தக் குறியின் மேலேயே விரலை வைத்திருந்தார்.

கவனிக்க: அந்தப் படத்தை அச்சடித்து அனுப்பினால் செல்லாது. அதில் இருக்கும் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு பிரதி 20 யூரோ. இணையத்திலேயே பணம் கட்டினோம், தபாலில் வந்தது.

சான்றிதழ் கையில் வந்ததும் அடுத்த தலைவலி. அதில் பாட்டியின் பெயர் பிரிஜெட், பிறந்த தேதி பிப்ரவரி 11. எங்களிடம் இருந்த ஆஸ்திரேலியக் காகிதங்கள் எல்லாவற்றிலும் டெலியா. இறப்புச் சான்றிதழில் பிறந்த தேதி பிப்ரவரி 1, அதாவது புனித பிரிஜிட் திருநாள். பிரிஜெட்டை டெலியா என்று கூப்பிடுவது அந்தப் பக்கம் சகஜம். தேதி மாறியதும் புதிதல்ல. பதிவு தாமதமானால் அபராதம் என்பதால் பிறந்த நாளைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதையெல்லாம் சரிபார்க்கிற அதிகாரி நம்ப வேண்டுமே?

இங்கே எங்களைக் காப்பாற்றியது ஞானஸ்நானப் பதிவேடு. ஊர்ப் பங்குக் கோவிலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, சான்றிதழை ஓரக்குறிப்புகளோடு கொடுங்கள் என்று கேட்டேன். இந்த வார்த்தையை மறக்காமல் கேளுங்கள், சும்மா கேட்டால் ஓரக்குறிப்பை விட்டுவிட்டுச் சுருக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். கத்தோலிக்கருக்கு 1908இலிருந்து ஒரு நடைமுறை உண்டு: எந்த நாட்டுக் கோவிலில் கல்யாணம் நடந்தாலும், ஞானஸ்நானம் நடந்த கோவிலுக்குத் தகவல் போகும், அங்கே பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைப்பார்கள். வந்த சான்றிதழில் ஞானஸ்நானத் தேதி பிப்ரவரி 4. பதிவு சொல்லும் பிறந்த நாளுக்கு முன்னாலேயே ஞானஸ்நானம்! பாட்டி கொண்டாடிய தேதிதான் உண்மை. அதற்கு நேரே ஓரத்தில் மெல்போர்னில் நடந்த திருமணம், வருடம், தாத்தாவின் பெயர். பிரிஜெட்டும் டெலியாவும் ஒருவர்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சமையலறையில் நின்று கத்தியே விட்டேன்.

ஆஸ்திரேலியக் காகிதங்களில் இரண்டு கண்ணிகள். கல்யாணத்தன்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அலங்காரச் சான்றிதழ் செல்லாது. மாநிலப் பதிவகத்தில் தனியாக வாங்க வேண்டும். அதில் மணமக்களின் பெற்றோர் பெயர்களும் இருக்கும். பாட்டியின் அம்மாவுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் அயர்லாந்துப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அதே மாதிரி, பழைய சுருக்கப் பிறப்புச் சான்றிதழும் உதவாது, பெற்றோர் விவரம் உள்ள முழுச் சான்றிதழ் வேண்டும். மாமியாரிடம் இருந்தது சுருக்கம்தான். புதிதாக வாங்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர், அதுவே போதும், எல்லா நாட்டிலும் ஏற்பார்கள் என்று வாதாடினார். கொடுக்கும் வரை நான் நகரவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்குக் காவல் நிலையம் போனது வீண். நகலில் போட்டார்கள், படிவத்தில் போட மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சாட்சி துறையின் பட்டியலில் உள்ள தொழில் செய்பவராகவும், விண்ணப்பிப்பவரை நேரில் தெரிந்தவராகவும், உறவினர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். எங்கள் குடும்ப டாக்டர் போட்டுக் கொடுத்தார், புகைப்படங்களின் பின்னாலும் அவரே.

278 யூரோவை இணையத்தில் கட்டி, பத்திரக் கட்டை டப்ளின் கவுன்டியில் உள்ள பால்பிரிகனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அப்போது துறை சொன்ன காத்திருப்பு சுமார் ஒன்பது மாதம். எனக்கு அவ்வளவு நாள் இல்லை. குழந்தையை எதிர்பார்ப்பவர்களுக்கு அவசரப் பரிசீலனை உண்டு என்பதும் துறையின் பக்கத்திலேயே இருந்தது. பிரசவத் தேதி எழுதிய டாக்டர் கடிதத்தோடு கேட்டோம். பெயர், தேதி வித்தியாசத்தை விளக்கி ஒரு பக்கக் கடிதமும் வைத்திருந்தோம். அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

சான்றிதழ் பிரசவத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. உறையைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது இவர் பெயரை இல்லை, பதிவுத் தேதியைத்தான். மகள் பிறந்தாள். அவளுக்கும் குடியுரிமை தானாக வராது, அவள் பெயரையும் அதே பதிவேட்டில் ஏற்ற வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்பதால் 153 யூரோ. அவள் பங்குக்கான கட்டு தயாராகிக்கொண்டிருக்கிறது.

மனைவியான எனக்கு இதில் எதுவும் இல்லை. அந்தத் தீவில் போய் வாழாமல் கல்யாணத்தை மட்டும் காட்டிக் கேட்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஆங்கிலோ இந்தியர் யாராவது அயர்லாந்துத் தாத்தாவைக் கண்டுபிடித்து விண்ணப்பிக்க நினைத்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அயர்லாந்துப் பதிவேட்டில் பெயர் ஏறினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

என் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளும் ஏற்கெனவே பள்ளிக்கூடம் போகிறார்கள். அதே பாட்டியின் பேத்திதான் அவரும், ஆனால் அவர் இனிமேல் பதிந்தாலும் பிள்ளைகளுக்கு வராது. முன்னமே யாராவது சொல்லியிருந்தால் என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்காவது இருக்கட்டும் என்று, பால்பிரிகனிலிருந்து திரும்பி வந்த பாட்டியின் பத்திரங்களை அப்படியே அவர் கையில் கொடுத்திருக்கிறேன். தம்பி மனைவி பிள்ளை பெறப்போகிற இன்னொரு உறவுக்காரருக்கும் அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.