அல்வாப் பெட்டிக்கு ஓர் எழுத்து

பாளையங்கோட்டையில் பிரஸ்ஸில் உட்கார்ந்து ஓர் அல்வாப் பெட்டிக்கு டிசைன் போட்டேன். கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரே நிபந்தனைதான், “பஸ் ஜன்னல்ல இருந்து பாத்தாலும் பேரு தெரியணும் தம்பி.” சரி என்று ஆங்கிலப் பெயருக்குக் கூப்பர் பிளாக் என்ற தடித்த எழுத்துருவைப் போட்டேன்.

1922-ல் சிகாகோவில் வெளிவந்தது, வரைந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். செரிஃப் எழுத்துருதான், அதாவது எழுத்தின் முனைகளில் சின்ன நீட்டல் இருக்கும் வகை, ஆனால் கூர்மையே கிடையாது, முனையெல்லாம் பாகு வழிந்து உறைந்த மாதிரி உருண்டிருக்கும், அடிப்பக்கம்கூட லேசாக வளைந்திருக்கும். பிரிட்டிஷ் விமான நிறுவனமான ஈஸிஜெட்டின் விமானத்தில் பெயர் இருப்பதும் இதில்தான். பெரிதாகப் போட்டால்தான் அழகு. எடை, தேதியெல்லாம் இதில் போட்டால் எழுத்தின் ஓட்டைகளை மை அடைத்துவிடும், அதற்கு ஒல்லியாக வேறொன்று.

இதற்குத் தமிழில் ஜோடி தேடித்தான் ராத்திரி ஆகிவிட்டது. இத்தனை தடிமனில் ‘ண’ போட்டால் சுழியெல்லாம் மூடிக்கொள்கிறது, கடைசியில் கையாலேயே வரைந்தேன்.

அண்ணாச்சி பார்த்துவிட்டு, “நல்லாருக்கு தம்பி, போன் நம்பரையும் இதே தண்டில போட்டுருங்க” என்கிறார்.