‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியமும் ‘கெட்’ என்ற வினைச்சொல்லும்

‘கெட்’ என்பதற்கு ஆங்கில-தமிழ் அகராதியில் முதலில் நிற்கும் பொருள் ‘பெறு’. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு பத்தியைப் படித்தால் ‘கோபம் பெற்றான்’, ‘வீடு பெற்றான்’, ‘இருட்டுப் பெற்றது’ என்று போகும். சரி, எல்லாப் பொருளையும் எண் போட்டு மனப்பாடம் செய்வோம் என்றால், பெரிய அகராதிகளில் அந்தப் பட்டியல் பத்தி பத்தியாக நீள்கிறது. 17ஆவது பொருள் எது என்று தேர்வறையில் யாருக்கும் நினைவு வராது. நம் மொழியிலிருந்து தொடங்குவது சுலபம்.

இந்த ஐந்து வாக்கியங்களைப் பாருங்கள். எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கடிதம் வந்தது. எனக்குச் சளி பிடித்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு இப்போதுதான் புரிந்தது. தமிழில் வேலையும் கடிதமும் சளியும் கோபமும் எழுவாயாக இருக்க, ‘நான்’ நான்காம் வேற்றுமையோடு ஒதுங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னால் வந்துவிடும்; வினையோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ‘கெட்’டின் இறந்தகாலமான ‘காட்’. ஐ காட் எ ஜாப், ஐ காட் எ லெட்டர், ஐ காட் எ கோல்ட், ஐ காட் ஆங்ரி, ஐ காட் இட். கிடை, வா, பிடி, புரி ஆகிய நான்கு வினைகளின் வேலையை ஒரே சொல் செய்கிறது. ஆகவே ‘எனக்கு’, ‘அவனுக்கு’ என்று மனதில் ஒரு வாக்கியம் தோன்றினால், அங்கே ‘கெட்’ பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

எப்போதும் பொருந்தாது. மாற்றம் நடந்தால்தான் ‘கெட்’. இருக்கும் நிலையைச் சொன்னால் கிடையாது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது ஐ ஆம் ஹங்க்ரி. ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்க்ரி’ என்றால் பசிக்கத் தொடங்குகிறது என்று பொருள். ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பது ஐ நோ ஹிம். பழகப் பழகத் தெரிந்துகொண்டால் ஐ காட் டு நோ ஹிம். இந்த இடத்தில் அதிகம் வழுக்குவது ‘எனக்கு லேட்டாகிறது’. நம்மூரில் சரளமாகப் புழங்கும் ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’ தேர்வில் பிழையாகவே எண்ணப்படும். நமக்குத் தாமதமானால் ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’, பொழுது போனால் ‘இட் இஸ் கெட்டிங் லேட்’.

அடுத்தது, ‘கெட்’டுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்பது. பொருள் அங்கேதான் இருக்கிறது. பெயர்ச்சொல் நின்றால் கிடை, வாங்கு, கொண்டுவா. பெயரடை நின்றால் ‘ஆகு’: கெட் டார்க், கெட் ஓல்ட், கெட் ரெடி. இடம் நின்றால் ‘போய்ச் சேர்’. இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. ‘பள்ளிக்கு’, ‘வீட்டுக்கு’ இரண்டிலும் தமிழில் ‘கு’ இருப்பதால் இரண்டுக்கும் ‘டு’ போடக் கை போகும். கெட் டு ஸ்கூல் சரி. கெட் டு ஹோம் தவறு. ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் ‘டு’ வராது.

மதிப்பெண் அதிகம் போகும் இடம் பிறர் நமக்குச் செய்து கொடுக்கும் வேலை. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று தமிழில் சொன்னால் வெட்டியவர் கடைக்காரர் என்று கேட்பவருக்குத் தெரியும். அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று எழுதினால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரித்துக்கொண்டதாக ஆகிவிடும். ஐ காட் மை ஹேர் கட் என்பதே சரி. வரிசை முக்கியம்: கெட், பிறகு முடி, பைக் போன்ற பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். மூன்றாம் வடிவத்தை முன்னால் இழுத்து ‘ஐ காட் ரிப்பேர்டு மை பைக்’ என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. யாரும் செய்விக்காமல் தானாக நேர்ந்த விபத்துக்கும் இதே அமைப்பு வரும்: ஷி காட் ஹர் ஃபிங்கர் காட் இன் தி டோர், அவள் விரல் கதவில் மாட்டிக்கொண்டது. (இதில் இரண்டாவது ‘காட்’, ‘கேட்ச்’ என்பதன் மூன்றாம் வடிவம்.)

பொருளுக்குப் பதில், வேலையைச் செய்யும் ஆளைச் சொன்னால் ‘டு’ வேண்டும். ஐ காட் ஹிம் டு சைன். ‘மேட்’, ‘ஹேட்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது: ஐ மேட் ஹிம் சைன், ஐ ஹேட் ஹிம் சைன். பொருளிலும் வேறுபாடு உண்டு. ‘மேட்’ கட்டாயப்படுத்தியது, ‘ஹேட்’ சொல்லிச் செய்யவைத்தது, ‘காட்’ பேசிச் சம்மதிக்க வைத்தது. பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

செயப்பாட்டுவினையாக வரும் ‘கெட்’ தமிழர்களுக்குப் புதிதே இல்லை. அடி வாங்கினான், திட்டு வாங்கினான் என்கிறோமே, அந்த ‘வாங்கு’தான் ஹி காட் பீட்டன், ஹி காட் ஸ்கோல்டட். நிகழ்ச்சிகளுக்கு மட்டும் இது ஒத்துவரும். லைக், நோ போன்ற நிலை வினைகளோடு சேர்த்து ‘ஹி காட் லைக்டு’ என்று எழுத முடியாது.

‘ஐ காட் டு மீட் ஹர்’ என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. ‘ஐவ் காட் டு மீட் ஹர்’ என்றால் சந்தித்தே ஆக வேண்டும். நடுவில் இருப்பது ஒரு ‘வ்’ ஒலி. வெளிநாடு செல்பவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் செவிப்புலப் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும்; அந்த ஒலி நழுவினால் விடை தலைகீழாகிவிடும். வேகமான பேச்சில் அமெரிக்கர்கள் அதையும் விழுங்கிவிடுவார்கள். அப்போது முன்பின் வாக்கியமே துணை: நடந்த கதை என்றால் வாய்ப்பு, நடக்கவேண்டியது என்றால் கட்டாயம். அமெரிக்க வழக்கில் மூன்றாம் வடிவம் ‘காட்டன்’ என்றும் வரும், அதைப் பிழையென்று அடிக்க வேண்டாம்.

வண்டிகளில் ‘கெட் டவுன்’ என்ற நம்மூர் வழக்கைக் கைவிடுங்கள். உள்ளே நடமாடக்கூடிய பஸ், ரயில், விமானம், கப்பல், அத்தோடு ஏறி உட்காரும் சைக்கிள், குதிரை எல்லாவற்றுக்கும் கெட் ஆன், கெட் ஆஃப். குனிந்து நுழையும் கார், டாக்ஸிக்கு கெட் இன், கெட் அவுட் ஆஃப்.

துணைச்சொல் சேர்ந்த வடிவங்களை அகரவரிசையில் படிப்பது வீண். குழப்பும் ஜோடிகளாக எடுங்கள். கெட் ஓவர் இட் என்றால் அதிலிருந்து மீண்டு வா. கெட் இட் ஓவர் வித் என்றால் முடித்துத் தொலை. கெட் த்ரூ என்பது தொலைபேசியில் இணைப்புக் கிடைப்பது, அல்லது ஒரு கஷ்டத்தைத் தாண்டுவது. கெட் அக்ராஸ் என்பது கருத்தைப் புரியவைப்பது. கெட் பை என்றால் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. கெட் அவே வித் என்றால் தப்பு செய்தும் தண்டனையில்லாமல் தப்பிப்பது. நோட்டில் வெறும் பொருளை எழுதாமல் முழு வாக்கியம் எழுதி, எதிர்ப்பக்கத்தில் தமிழை மட்டும் வையுங்கள். மறுநாள் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து போதும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்லும் பயிற்சி படிக்க உதவும், பேச உதவாது.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் ‘கெட்’ தாராளமாக வரலாம், இயல்பாகத்தான் ஒலிக்கும். அதன் எழுத்துத் தேர்வில், 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல் எழுதும் இரண்டாம் கட்டுரையில்தான் கட்டுப்பாடு வேண்டும். அங்கே ‘கெட் பெட்டர்’ இம்ப்ரூவ் ஆகட்டும், ‘கெட் வர்ஸ்’ டிடீரியரேட் ஆகட்டும், ‘கெட் ரிட் ஆஃப்’ எலிமினேட் ஆகட்டும். கண்ட இடத்திலெல்லாம் ‘அப்டெய்ன்’ போடுவது இன்னும் மோசம்; சளியை யாரும் அப்டெய்ன் செய்வதில்லை. கடைசி மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்து, எழுதியதில் ‘கெட்’ வரும் இடங்களை மட்டும் விரல் வைத்துத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கும் சொல்லைப் பார்த்து, மாற்றுச் சொல் உடனே தோன்றினால் மாற்றுங்கள். தோன்றவில்லையென்றால் ‘கெட்’டையே விட்டுவிடுங்கள்.