பெர்சி குடும்பத்தில் பெர்சி யார்?

இங்கிலாந்தின் பழைய குடும்பங்களைத் துருவிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு கிறுக்கு. ‘1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமோடு நாங்கள் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள்’ என்று மார்தட்டும் பெயர்கள் அங்கே ஏராளம்: மோர்ட்டிமர், மோபிரே, மான்ட்கோமரி... எனக்குப் பிடித்தது பெர்சி. அந்தப் பெயரை இத்தனை நூற்றாண்டு கரைசேர்த்ததே பெண்கள்தான் என்பதால்.

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவிடலாம். 1093இல் ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் மால்கம் வட இங்கிலாந்தின் ஆனிக் அருகே கொல்லப்பட்டார். கோட்டைச் சாவியை ஈட்டி முனையில் மாட்டிக் கொடுப்பதுபோல் நீட்டி, அவர் கண்ணில் குத்தினான் ஒரு வீரன். ‘கண்ணைத் துளைத்தவன்’ என்று பொருள்படும் ‘பியர்ஸ்-ஐ’ என்ற ஆங்கிலப் பட்டப்பெயர்தான் பெர்சி ஆனது என்பார்கள். ஜோரான கதை. ஆனால் 1086இல் அரசர் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கிலேயே வில்லியம் டி பெர்சி யார்க்‌ஷயரில் பெரும் நிலக்காரர். ஆனிக் கோட்டையோ பெர்சிகளுக்கு 1309இல்தான் டர்ஹம் பிஷப்பிடமிருந்து விலைக்கு வந்தது. பெர்சி என்பது நார்மண்டியில் ஓர் ஊர், அவ்வளவுதான்.

அந்த வில்லியம் டி பெர்சிக்கு மீசைக்காரர் என்று பொருள்படும் ‘அல்ஸ் ஜெர்னான்’ என்ற பட்டமும் உண்டு. நார்மன்கள் மழமழவென்று மழித்துத் திரிந்த காலம்; மீசை வைத்தவர் கூட்டத்தில் தனியாகத் தெரிந்திருப்பார். அல்ஜெர்னான் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

12ஆம் நூற்றாண்டிலேயே ஆண் வாரிசு அற்றுப்போனது. ஆக்னஸ் டி பெர்சி என்ற பெண், முதலாம் ஹென்றியின் இரண்டாம் ராணியான அடலைசாவின் சகோதரர் ஜோஸ்லினை மணந்தார். ஜோஸ்லின், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவெயின்காரர். பிள்ளைகள் அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆக, 1403இல் ஷ்ரூஸ்பரி போர்க்களத்தில் விழுந்த ‘ஹாட்ஸ்பர்’ என்ற ஹென்றி பெர்சி உட்பட நாம் கேள்விப்படும் பிரபலப் பெர்சிகள் எல்லாரும் தாய்வழிப் பெர்சிகளே. நார்மன் ரத்தப் பெருமையை இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

1670இல் மறுபடி அதே சிக்கல். பெர்சி குடும்பத் தலைவரான நார்தம்பர்லேண்டின் 11ஆவது ஏர்ல் (பிரபு) இறந்தபோது மிஞ்சியது எலிசபெத் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தை. இவ்வளவு பெரிய சொத்துக்கு உரியவளை யார் விடுவார்கள்? 1679இல் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை மறு வருடமே இறந்தார். 1681இல் தாமஸ் தின் என்ற பணக்காரரோடு இன்னொன்று. 1682 பிப்ரவரியில் லண்டன் பால் மால் தெருவில், வண்டியில் போய்க்கொண்டிருந்த தின் சுடப்பட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள அவர் கல்லறையில் அந்தக் காட்சியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்: நிற்கும் வண்டி, குதிரைகள், கொலைகாரர்கள், எல்லாம் பளிங்கில். அதே வருடம் எலிசபெத்துக்குச் சாமர்செட் டியூக்கோடு மூன்றாவது கல்யாணம். அப்போதும் வயது 15தான். டியூக் தன் சீமோர் பெயரை விட்டுப் பெர்சி ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். வயது வந்ததும் எலிசபெத்தே ‘வேண்டாம், விடுங்கள்’ என்று அவரை அதிலிருந்து விடுவித்துவிட்டார். எனக்கு இந்தப் பெண்மணிமேல் தனி மரியாதை.

ஆனாலும் பெயர் சாகவில்லை. அவருடைய பேத்தி, இன்னொரு எலிசபெத், 1740இல் சர் ஹியூ ஸ்மித்சன் என்ற யார்க்‌ஷயர் பாரனட்டைக் கட்டிக்கொண்டார். ஸ்மித்சன் என்றால் கொல்லன் மகன். அரண்மனைக்கு எடுக்காத பெயர் போலும். 1750இல் பார்லிமென்ட் சட்டம் போட்டு அவர் பெர்சி ஆனார். 1766இல் நார்தம்பர்லேண்ட் டியூக்கும் ஆனார். இன்றைய பெர்சிகள் தந்தை வழியில் ஸ்மித்சன்கள்.

சரி, கழற்றிப் போட்ட அந்தப் பெயர் என்ன ஆனது? டியூக்குக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஒருவர் உண்டு. தாயின் பெயரான மேசியோடு வளர்ந்து, தாய் இறந்தபின் ஜேம்ஸ் ஸ்மித்சன் என்று மாற்றிக்கொண்டார். வேதியியலாளர். அமெரிக்கா பக்கமே போகாதவர். தன் சொத்து சகோதரரின் மகனுக்கு, அவர் வாரிசின்றி இறந்தால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும், வாஷிங்டனில் அறிவை வளர்த்துப் பரப்ப ஒரு நிறுவனம் தன் பெயரில் அமைய வேண்டும் என்று உயில் எழுதி, 1829இல் இறந்தார். சகோதரரின் மகனும் வாரிசின்றிப் போக, 1838இல் 5 லட்சம் டாலருக்கு மேல் பெறுமான தங்கக் காசுகள் கப்பலேறின.

நார்தம்பர்லேண்ட்களும் பெர்சிகளும் மறக்கப்பட்ட பின்னும் தன் பெயர் நிற்கும் என்று அவர் எழுதியதாகச் சொல்வார்கள். பெர்சிகள் விஷயத்தில் அது பலிக்கவில்லை. ஆனிக் கோட்டை இன்னும் அவர்களுடையதுதான். ஆனால் உலகின் மிகப்பெரிய அருங்காட்சியகத் தொகுப்பின் வாசலில் இருப்பது ஸ்மித்சோனியன் என்ற பெயர்.