கோத்தகிரிக் குளிரும் 1.6 கிலோ குழந்தையும்: கங்காரு பராமரிப்புக்குப் பட்ட பாடு

ஜனவரியில் பிறந்தாள் எங்கள் மகள். எடை 1.6 கிலோ. ஊசி, மருந்து, பால் எதிலும் குறை வைக்கவில்லை. கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோல் ஒட்ட வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளும் விஷயத்தில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

"ஒரு மணி நேரம் போதும்மா, கொடுத்துட்டுப் போய்ப் படுங்க" என்பார் வார்டு சிஸ்டர். ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்தவரை கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. எனக்கு சிசேரியன், கூடவே காய்ச்சல். என் கணவர் வைத்துக்கொள்ளட்டும் என்றால், "ஆம்பளைங்களை உள்ளே விட மாட்டோம்" என்று கதவை மூடினார்கள். அப்பாவோ பாட்டியோ யார் நெஞ்சிலும் குழந்தைக்கு அந்தச் சூடு கிடைக்கும். அதைக் காதில் வாங்க ஆளில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடமே கேட்டேன். "அப்பா தாராளமாச் செய்யலாமே" என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அதன்பிறகு யாரும் தடுக்கவில்லை. சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு என் கணவர் சாய்ந்து உட்கார்ந்தார். டயபர், குல்லா, சாக்ஸ் மட்டும் போட்டு, கைகால் தவளை மாதிரி மடங்கியிருக்க, தலையை ஒரு பக்கம் திருப்பி நிமிர்த்தி வைத்தார்கள். சற்று நேரத்தில் சாக்ஸுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்த பாதம் வெதுவெதுப்பாகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிஸ்சார்ஜ் அன்று எடை எழுதிய சீட்டைத் தராமல் அனுப்பிவிட்டார்கள். அதற்காக அவர் மறுபடி மேட்டுப்பாளையம் ரோட்டில் மலையிறங்கிப் போனார். கையெழுத்துப் போடும் முன்பே எடை, அடுத்த செக்கப் தேதி, எல்லாத் தாளையும் சரிபாருங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு முக்கியமாக ஒன்று: குளிருகிறதே என்று மூடிய அறைக்குள் கரி நெருப்பு போடாதீர்கள், அந்தப் புகை உயிரையே வாங்கும். சாம்பிராணியும் வேண்டாம். எண்ணெய்க் குளியலுக்கு அவசரப்பட்ட பெரியம்மாவிடம் டாக்டர் பேரைச் சொல்லித்தான் தப்பித்தோம். வீட்டில் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ள முன்பக்கம் திறக்கும் நைட்டி, மேலே பெரிய ஸ்வெட்டர், அவ்வளவுதான். மூக்கும் வாயும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்குளில் தெர்மாமீட்டர் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் காட்ட வேண்டும்.

2.5 கிலோவை நெருங்கியதும் அவளே நெளிந்து திமிற ஆரம்பித்தாள். அதோடு நிறுத்திவிட்டோம். இப்போது வார்டில் இருப்பவர்கள், அப்பாவையும் சேர்த்து முதல் ரவுண்ட்ஸிலேயே கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.