ஸ்டாஷ் பாப் பாதியில் நின்ற கதை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கிட் ஸ்டாஷ் பாப் அடித்தேன், பாதி வந்தது, பாதி வரவில்லை. கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கருவி. முடியாத வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது ஸ்டாஷ், அதைத் திரும்ப எடுப்பது பாப். நடந்தது இதுதான். காலையில் வேலையை அப்படியே ஒதுக்கிவைக்க ஸ்டாஷை மைனஸ் யூ போட்டு ஓட்டியிருந்தேன், அதாவது கிட்டுக்கு இன்னும் தெரியாத புது ஃபைல்களையும் சேர்த்து எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன். அதில் என் லோக்கல் செட்டிங்ஸ் ஃபைலும் உள்ளே போய்விட்டது. நடுவில் வேறு பிராஞ்சில், அதாவது கோடின் வேறொரு கிளையில், பில்ட் ஓடியபோது அந்த ஸ்கிரிப்ட் அதே பெயரில் ஒரு புது செட்டிங்ஸ் ஃபைலை உருவாக்கி வைத்துவிட்டது. மாலையில் பாப் அடித்தால், அந்த ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, தொடமாட்டேன் என்று கிட் சொல்லிவிட்டது.

சரி, நியாயம்தான். ஆனால் அதற்குள் மற்ற மாற்றங்கள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. ஸ்டாஷும் பட்டியலில் அப்படியே இருக்கிறது. அந்த ஃபைலை நகர்த்திவிட்டு மறுபடி பாப் அடித்தால், இங்கே இருக்கும் மாற்றங்கள் அழிந்துவிடும், முடியாது என்கிறது, அந்த மாற்றங்களை இரண்டு நிமிடம் முன்னால் கொண்டுவந்து போட்டதே அதுதான்.

எதுவும் தொலையவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது: இது யோசித்து வைத்த நடத்தையா, தானாக அமைந்துவிட்டதா? கிட் விஷயத்தில் இதற்கு மேனுவலைவிட நல்ல இடம் அதன் டெஸ்ட்கள், அதாவது அது சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்கள். சோர்ஸ் கோடில் டி என்ற ஒற்றை எழுத்து ஃபோல்டரில் எல்லாம் இருக்கிறது, பெரும்பாலானவை ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கமாண்ட்களை வரிசையாக எழுதிவைத்த ஃபைல், பெயரில் நாலு இலக்க எண். 4000-த்தில் தொடங்குபவை மாற்றங்களை ஒப்பிட்டுக் காட்டும் டிஃப் சம்பந்தப்பட்டவை, 5000 என்றால் மாற்றங்களை வெளியே அனுப்பும், உள்ளே கொண்டுவரும் புஷ், ஃபெட்ச் வகையறா. ஸ்டாஷுக்கு 3903. புது ஃபைல்களோடு எடுத்துவைப்பதற்குத் தனியாக 3905.

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது, இது கிட்டுக்கு மட்டும் உரியதல்ல. பழைய கருவி எதை எடுத்தாலும் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தனித்தனியாக டெஸ்ட் இருக்கும், இரண்டு ஆப்ஷன் சேர்ந்து, அதோடு டிஸ்க்கில் ஏதோ ஒன்று எதிர்பாராமல் கிடக்கும் நிலைதான் ஆளில்லாத இடம். டெஸ்ட்கள் கோடின் எந்த வரிகளை ஓட்டிப் பார்த்தன என்று சொல்லும் கவரேஜ் ரிப்போர்ட் பார்த்தாலும் இது தெரியாது. கிட்டைக் கட்டியெழுப்பும் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலிலேயே கவரேஜ் எடுக்கும் வசதி உண்டு, யாரும் தொடாத ஃபங்ஷன்களைத் தனியாகப் பட்டியல் போட்டுக்கூடத் தரும். ஆனால் ஒரு வரி ஒருமுறை ஓடிவிட்டால் அதன் கணக்கில் அது பார்த்து முடித்த வரி. எந்த நிலைமையில் ஓடியது என்பது அதற்குத் தெரியாது.

ஸ்டாஷுக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. ரொம்ப காலம் அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். 2019-இல் வந்த 2.22 பதிப்பில்தான் சி மொழிக்கு மாறியது. மாற்றும் முன் பழைய நடத்தையைப் பிடித்துவைக்கக் கூடுதலாக டெஸ்ட்கள் எழுதினார்கள், இந்த மாதிரி வேலைக்கு அதுதான் சரியான வரிசை. அப்படியும் ஒன்று நழுவியது. ஷெல் ஸ்கிரிப்ட் இண்டெக்ஸை, அதாவது ஃபைல்களைப் பற்றி கிட் வைத்திருக்கும் பட்டியலை, புதுப்பித்தால் அது டிஸ்க்கில் எழுதப்படும், ஏனென்றால் அது தனி கமாண்ட். சி-யில் அதே வேலை மெமரிக்குள்ளேயே முடிந்துவிட, டிஸ்க்கில் பழைய இண்டெக்ஸ் கிடந்தது. உள்ளடக்கம் மாறாமல் ஃபைலின் நேரமும், டிஸ்க்கில் அதன் அடையாள எண்ணான ஐநோடும் மட்டும் மாறியிருந்தால்தான் இந்தத் தவறு வெளியே தெரியும். டெஸ்டில் அந்த நிலையைக் கொண்டுவர அழகான ஒரு வழி இருக்கிறது: ஃபைலை வேறு பெயரில் காப்பி அடி, பிறகு அந்தக் காப்பியைப் பழைய பெயருக்கே நகர்த்து. உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை, கிட்டின் கண்ணுக்கு ஆள் புதுசு. இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அப்புறம் என் டெஸ்டுக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை நிலைமைக்கே ஒரு டெஸ்ட் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இப்படி: ஒரு புது ஃபைலை ஸ்டாஷில் வை, அதே பெயரில் வேறொன்றை உருவாக்கு, பாப் அடி, வரும் செய்தியைப் பைப் வழியாக, அதாவது ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுத்து, வாசகம் தேடும் கிரெப்புக்கு அனுப்பி 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற வாசகம் வருகிறதா என்று பார். பாஸ். முடிந்தது என்று எழுந்திருக்க வேண்டியதுதான், ஆனால் ஒரு பழக்கம் உண்டு எனக்கு, டெஸ்ட் எழுதியதும் கோடை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பேன். புது ஃபைல்களை மீட்கும் இடத்தில் தோல்வியைக் குறித்துக்கொள்ளும் பகுதியை எடுத்துவிட்டேன். இப்போது பாப் தோற்றதையே கவனிக்காமல், வேலை முடிந்தது என்று நினைத்து ஸ்டாஷைத் தூக்கி எறிந்துவிடும். அதாவது செட்டிங்ஸ் ஃபைல் நிஜமாகவே போய்விடும், கைவிடப்பட்டவற்றைத் தேடிக் காட்டும் எஃப்எஸ்சிகே கமாண்டை வைத்துத் தேடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் டெஸ்ட் அப்போதும் பாஸ்.

செய்தி வந்ததா என்று மட்டும்தானே கேட்டேன், செய்தி வந்தது. பைப் போட்டதால் கிட்டின் எக்ஸிட் கோடு, அதாவது ஜெயித்ததா தோற்றதா என்று சொல்லும் எண், கிரெப்புக்குப் பின்னால் மறைந்துபோனது. கிட்டின் டெஸ்ட் வழிகாட்டியிலேயே கிட் கமாண்டை இப்படிப் பைப்பில் முன்னால் வைக்காதே என்று எழுதியிருக்கிறது, படித்தும் இருக்கிறேன், கை பழக்கம் விடவில்லை. கமாண்டுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு (ஷெல்லில் 'இது தோற்க வேண்டும்' என்று பொருள்) தோல்வியை எதிர்பார்ப்பதும் இங்கே கூடாது. கிட் மெமரியில் கண்ட இடத்தில் கை வைத்து க்ராஷ் ஆனாலும் அது 'தோல்வி'தான், ஆச்சரியக்குறிக்கு அது போதும். அதற்காகத்தான் டெஸ்ட் மஸ்ட் ஃபெயில் என்று தனி ஃபங்ஷன் வைத்திருக்கிறார்கள், ஒழுங்காகத் தோற்றால்தான் அது ஒத்துக்கொள்ளும்.

இரண்டாவது முறை எழுதியதில் மூன்றே கேள்விகள். பாப் ஒழுங்காகத் தோற்றதா, ஸ்டாஷ் பட்டியலில் இன்னும் ஒன்று இருக்கிறதா, ஏற்கெனவே இருந்த ஃபைல் மாறாமல் இருக்கிறதா. செய்தியின் வாசகத்தைக் கேட்கவில்லை, அதை நாளை யாராவது இன்னும் நல்லதாக மாற்றலாம். மற்ற மாற்றங்கள் பாதியில் வந்து இறங்கியதையும் கேட்கவில்லை, இதற்குத்தான் நிறைய யோசித்தேன். இன்றைக்கு அப்படித்தான் நடக்கிறது, உண்மை. ஆனால் அதை டெஸ்டில் எழுதிவிட்டால், பின்னால் ஒருவர் முதலிலேயே சரிபார்த்து எதையும் தொடாமல் நிற்கும்படி மாற்றும்போது என் டெஸ்ட் குறுக்கே வந்து நிற்கும். நல்ல மாற்றத்தைத் தவறு என்று சொல்லும் டெஸ்டை நானே நிறைய இடங்களில் திட்டியிருக்கிறேன். தெரிந்த குறை என்று குறித்துவைக்க டெஸ்ட் எக்ஸ்பெக்ட் ஃபெயிலியர் என்ற ஃபங்ஷன் உண்டுதான், ஆனால் அது குறை என்று சொல்ல நான் யார்?

நடுவில் இன்னொன்று கண்ணில் பட்டது. டெஸ்ட்களில் கமிட் நேரம், அதாவது ஒரு மாற்றம் கிட்டில் பதிவாகும் நேரம், ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக 1112911993 என்ற எண்ணிலிருந்து தொடங்கி அறுபது அறுபது நொடியாக ஏற்றுகிறார்கள். ஏன் இந்த எண் என்று தேதியாக மாற்றிப் பார்த்தேன்: 2005 ஏப்ரல் 7, கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் முதல் கமிட்டைப் போட்ட அதே நொடி. டெஸ்ட் கமிட்களில் எழுதியவருக்கு வைத்த கற்பனைப் பெயர் ஏ யூ தார் (ஆதர்), கமிட் செய்தவருக்கு சி ஓ மிட்டர் (கமிட்டர்). எத்தனை வருஷமாக இந்த இரண்டு பேரும் ஒரே நாளில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்!

கோடை மறுபடி உடைத்தேன், இந்த முறை டெஸ்ட் விழுந்தது, அதுவும் சரியான வரியில். உடைத்ததைச் சரிசெய்துவிட்டு, ஒரே டெஸ்டைப் பல பிரதிகளாக ஒரே நேரத்தில் ஓட்டும் ஸ்ட்ரெஸ் ஆப்ஷனைப் போட்டு அரை மணி நேரம் விட்டேன். ஃபேன் கத்தியதே தவிர ஒன்றும் விழவில்லை. இந்த டெஸ்டைச் சேர்க்கும் பேட்ச்சை கிட்டை உருவாக்குபவர்களுக்கு இன்னும் அனுப்பவில்லை, கமிட் மெசேஜை மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த செட்டிங்ஸ் ஃபைலை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிட்டேன். மைனஸ் யூ அதை இனி தொடாது. ஒரே வரி, அன்று மாலையே செய்திருக்கலாம்.