இழுக்காதே, வெட்டு

எங்கம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருஷம் வேலை பார்த்தாங்க. முதலில் பிசிறு வெட்ட, பிறகு செக்கிங். தைத்து வந்த பீஸை மேஜையில் போட்டு, கழுத்து, கை, பாட்டம் என்று ஒரு சுற்றுப் பார்ப்பாங்க. தொங்குகிற நூலை டிரிம்மர் கத்தரியால் நறுக் நறுக்கென்று வெட்டித் தள்ளிவிட்டு அடுத்த பீஸ். குறை இருந்தால் அது "ஆல்டர் பீஸ்", திருத்தத் திரும்பிப் போகும்; இல்லையென்றால் "பாஸ்". அந்த டிரிம்மர் இன்னும் எங்க தையல் டப்பாவில் இருக்கு. துரு ஏறியிருந்தாலும் வெட்டும்.

அப்படிப்பட்டவங்க மகள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை முதல் துவையலிலேயே வாயைப் பிளந்தது.

தங்கச்சிக்குக் குழந்தை பிறக்கப்போகுது என்றதும் அமுச்சியோட (அம்மாவோட அம்மா) நெகமம் காட்டன் புடவைகளை எடுத்தேன். மூன்று புடவை, முப்பது வருஷம் கட்டினது. 5 இஞ்ச் கட்டங்களாக வெட்டி, வீடியோவில் சொன்ன மாதிரி ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டுத் தையல் அடித்தேன். பார்க்க அம்சமாத்தான் இருந்தது. வாஷிங் மிஷினில் போட்டு எடுத்தால், ஏழெட்டு இடத்தில் தையல் அப்படியே நிற்குது, துணி அதைவிட்டு நழுவி வெளியே வந்திருக்கு. உள்ளே இருக்கிற பஞ்சு எட்டிப் பார்க்குது. மிஷினுக்குள்ளே மெரூன் நூல் ஒரு பந்து.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தையல் மேல தப்பில்ல கண்ணு. புடிச்சுக்க துணி வேணும்ல?" என்றாங்க.

நாங்க பனியன் துணியிலேயே வளர்ந்தவங்க. பனியன் துணியை எங்கே வெட்டினாலும் ஓரம் சுருளும், ஆனா நூல் நூலாகக் கொட்டாது. அது வளையம் வளையமாகப் பின்னினது. புடவை தறித்துணி, பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாகப் போவதுதான் பிடிமானமே. நேராக வெட்டினால் ஓரத்து நூலுக்கு வெளிப்பக்கம் அணை கிடையாது, அது முதலில் கழன்றுக்கும், அப்புறம் அதுக்கு அடுத்தது. நெருக்கமாக நெய்த பாப்ளின் என்றால் தாங்கும். இளக்கமாக நெய்த கைத்தறிப் புடவை, அதுவும் முப்பது வருஷம் துவைத்தது, கால் இஞ்ச்சில் பாதியைக் கொட்டிட்டுத்தான் ஓயும். புடவை முந்தானையில் குஞ்சம் முடிவதும் பவானி ஜமக்காளத்து ஓரத்தில் முடிச்சுப் போடுவதும் இதுக்குத்தான். நான் அழகுக்கு என்று நினைச்சுட்டிருந்தேன்.

எல்லாத்தையும் பிரித்து, மிச்சப் புடவையையும் சேர்த்து மறுபடி ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை வெட்டுவதற்கு முன்னாடி கஞ்சி போட்டேன். கடையில் விற்கிற ஸ்ப்ரே இல்லை, ஜவ்வரிசிக் கஞ்சி. நல்லா கண்ணாடி மாதிரி வெந்ததும் வடிகட்டி, தண்ணி கலந்து, புடவையை முக்கி, நிழலில் காயப்போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி. காகிதம் மாதிரி நின்றது. கஞ்சி இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பதால் வெட்டும்போது ஓரம் கலையாது, தைத்து முடிக்கிற வரைக்கும் பிசிறும் பாதிதான். முடிச்சதும் துவைச்சிடணும், இல்லேன்னா பூச்சி வரும். புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கொசுவம் உரசி நைந்துபோன இடங்களை ஒதுக்கிவிட்டேன். முதல் தடவை அதையும் விடாமல் சேர்த்த கஞ்சத்தனத்தால்தான் பாதி கெட்டது.

தையலை ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே தள்ளினேன். 5 இஞ்ச் கட்டம் தைத்த பிறகு 4 இஞ்ச்தான் மிஞ்சும். பத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120 கட்டம்; 45க்கு 54 வரவேண்டிய போர்வை 40க்கு 48ஆக வந்தது. வயிறு எரிந்தது. மிஷினில் தையல் நீளத்தை இரண்டரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டுக்குக் குறைத்து, 14ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிட்டு மெல்லிய 11 போட்டேன்.

ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் அடிச்சா என்ன என்று எல்லாரும் கேட்டாங்க. எங்க தெருவிலேயே நாலு ஓவர்லாக் மிஷின் இருக்கு, கேட்கத்தான் செய்வாங்க. 120 கட்டம், நாலு ஓரம், 480 தடவை ஓட்டணும். அதைவிட, அத்தனை நூலும் மூலைகளில் சேர்ந்து கட்டியாகும், மேல் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற குயில்டிங் பண்ணும்போது ஊசி அங்கே திக்கும். ஓரத்தில் நெயில் பாலிஷ் தடவச் சொன்னாங்க ஒருத்தர். ஒரு துண்டில் தடவிப் பார்த்தேன், காய்ந்ததும் நகம் மாதிரியே குத்துச்சு. பச்சைக் குழந்தைக்குப் போடுவதில் அது ஆகாது.

மிஷின் நூல் வால் இன்னொரு தொல்லை. தையல் ஆரம்பிக்கும்போது மேல் நூல், பாபின் நூல் இரண்டையும் பின்னாடி பிடிச்சுக்கலேன்னா அடியில் குருவிக்கூடு கட்டிடும். அதனால் ஒரு வேஸ்ட் துணியில் ஆரம்பித்து, நூலை வெட்டாமல் கட்டம் கட்டமாகத் தோரணம் மாதிரி ஓட்டிட்டே போய், கடைசியில் இன்னொரு வேஸ்ட் துணியில் முடித்தேன். அப்புறம் நடுவில் இருக்கிற நூலை மட்டும் வெட்டினால் போதும். அதை வெட்டும்போது ஒரு கட்டத்து ஓரத்தில் புடவை நூல் ஒன்று நீளமாகத் தொங்கியது. பழக்க தோஷத்தில் இழுத்தேன்.

"இழுக்காதே, வெட்டு! இழுத்தா பக்கத்துல இருக்கறதையும் கூட்டிட்டு வரும்." அம்மா அடுக்களையிலிருந்து. எப்படித்தான் பார்த்தாங்களோ.

வந்தது நாலு இஞ்ச் நூல். போனது அரை இஞ்ச் தையலில் ஒரு இழை. அந்தக் கட்டத்தை மாற்றிட்டேன்.

நடுநடுவே வெள்ளை பாப்ளின் கட்டங்கள் வைத்திருந்தேன். தையலை இஸ்திரி போடும்போது இருட்டு நிறப் பக்கமாகவே மடித்தேன், வெள்ளைக்கு அடியில் மெரூன் தெரியக் கூடாதென்று. ஆனா உதிர்ந்த பிசிறு எந்தப் பக்கம் போகும் என்று யார் சொல்வது? மூன்று அடுக்கும் சேர்த்து குயில்டிங் முடித்து, ஓரப்பட்டியும் அடித்து, விரித்துப் பார்த்தால் ஒரு வெள்ளைக் கட்டத்துக்குள்ளே மெரூன் நூல் ஒன்று சாதத்தில் முடி கிடந்த மாதிரி வளைந்து கிடக்குது. ஒன்றரை இஞ்ச் இருக்கும்.

பிரிக்க மனசில்லை. மெல்லிய கை ஊசியை எடுத்து, பாப்ளினின் இரண்டு இழைகளுக்கு நடுவே, எதையும் அறுக்காமல் சாய்வாக உள்ளே விட்டேன். ஊசிமுனையால் அந்த நூலைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துத் தையலை நோக்கி ஒதுக்கினேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை வளைவு நிமிர்ந்து தையலோரம் போய்ப் படுத்தது. ஊசி போன ஓட்டையை நகத்தால் தேய்த்ததும் இழைகள் சேர்ந்துக்கிச்சு. இந்தக் கூத்துக்கு இருபது நிமிஷம். பஞ்சு வைக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் ஈரக் கையால் ஒரு தடவு தடவியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

துவைத்தேன். மிஷினில் இல்லை, பக்கெட்டில், பயத்தில். ஒரு தையல்கூட விடவில்லை.

பேர் வைக்கிற அன்றைக்குப் போர்வையை விரித்துப் பாப்பாவைப் படுக்க வைத்தாங்க. அம்மா கண்ணாடியை மாட்டிட்டுக் குனிந்தாங்க, பேத்தியைக் கொஞ்ச என்றுதான் நினைத்தேன். ஒரு வெள்ளைக் கட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "ஆல்டர் பீஸ்," என்றாங்க. அதே நூல், ஒரு நூலிழை அளவுக்கு வெளியே வந்திருக்கு.

அப்புறம் அவங்களே, "போகட்டும், பாஸ்," என்று பாப்பாவின் காலை அதன் மேலே எடுத்து வைத்தாங்க.