கோடிக் கணக்கில் டைன்: கடலூர் ஆய்வுக்கூட நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

மஞ்சக்குப்பத்துக் கட்டடம் ஒன்றிலிருந்து வந்த 28 நாள் கான்கிரீட் கியூப்களை, அதாவது வலிமை பார்க்க வார்த்த கனசதுரக் கட்டிகளை, இன்று உடைத்தோம். தொட்டியிலிருந்து எடுத்து, ஈரம் துடைத்து, வார்த்தபோது மேலே இருந்த முகம் பக்கவாட்டில் வரும்படி, நசுக்கிப் பார்க்கும் மெஷினில் வைக்க வேண்டும். பாரம் விநாடிக்கு ஐந்து கிலோநியூட்டன் சொச்சம் ஏறும். இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அப்புறம் ஓரங்களில் பொடி உதிரும், ஒரு சத்தம், திரையில் ஏறிக்கொண்டிருந்த எண் நின்றுவிடும். நாலு பக்கமும் உரிந்து நடுவில் உடுக்கை மாதிரி மிஞ்சினால் ஒழுங்காக உடைந்திருக்கிறது என்று பொருள்.

முதல் கியூப் 590 கிலோநியூட்டன். முகத்தின் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர், வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 26.2 நியூட்டன். கலவை எம்25, அதாவது இந்த எண் 25-ஐ எட்ட வேண்டிய ரகம். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "எத்தனை டன் சார்?" என்றார். ஒரு டன் எடை 9.80665 கிலோநியூட்டன். அதால் வகுத்து "அறுபது" என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. கிலோநியூட்டன் ரிப்போர்ட்டுக்கு, டன் மனிதருக்கு.

மார்ச் 4, புதன்

அக்கா மகன் பிளஸ் ஒன் இயற்பியல் நோட்டோடு வந்தான். விசையின் அலகான நியூட்டனை, அதைவிடச் சிறிய அலகான டைனாக மாற்றும் கணக்கு. நியூட்டனில் கிலோகிராமும் மீட்டரும் விநாடியும், டைனில் கிராமும் சென்டிமீட்டரும் விநாடியும். கிலோகிராமுக்கு 1000 கிராம், மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், விநாடி அப்படியே. 1000-ஐ 100 ஆல் பெருக்கினால் 1,00,000.

"ஒரு லட்சம், அவ்வளவுதானா மாமா?"

அவ்வளவுதான். பத்தின் அடுக்கு ஐந்து என்று உருப்போட்டால் தேர்வு அறையில் ஆறா ஐந்தா என்று தடுமாறுவான். லட்சம் மறக்காது.

மார்ச் 7, சனி

புதுச்சேரி போன வேலை சீக்கிரம் முடிந்தது. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் கவர் அச்சடிக்கும் நண்பனைப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் மட்டும் இருப்பதாக நினைக்கும் டைன், அவன் பட்டறையில் தினமும் புழங்குகிறது. பாலித்தீன் சுருள் வந்ததும், மை ஒட்டுமா என்று சோதிக்கும் டைன் பேனாவால் அதன்மேல் ஒரு கோடு இழுப்பான். இரண்டு விநாடி கோடு கலையாமல் நின்றால் மை ஒட்டும். முத்து முத்தாகச் சுருங்கினால் சுருளுக்கு மறுபடி மின்னூட்டம் கொடுக்க வேண்டும். "38 இருக்கணும்" என்கிறான். 38 டைன் என்று பேச்சில் சொன்னாலும், உள்ளபடி அது சென்டிமீட்டருக்கு 38 டைன். மீட்டருக்கு 38 மில்லிநியூட்டன் என்றாலும் அதேதான், எண்கூட மாறாது. எண் மாறாததால் யாரும் அலகை மாற்ற மெனக்கெடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 10, செவ்வாய்

தரைக்குள் இறக்கும் அடித்தளத் தூணான பைல் வேலை ஒன்றுக்கான தாளில் சோதனைப் பாரம் 2.5, பக்கத்தில் சிறிய எழுத்து எம் (m), பிறகு நியூட்டனுக்கான என் (N). சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. பெரிய எம் என்றால் 255 டன். தாளில் இருந்தபடி பார்த்தால் 255 மில்லிகிராம்! இடையில் நூறு கோடி மடங்கு. போன் செய்து திருத்திய தாள் வாங்கினோம்.

இரவு அக்கா மகன் மறுபடி வந்தான், இந்த முறை அவனாகவே. நம் எண்ணிக்கை இந்த அலகுகளுக்கு எத்தனை வசதி என்று அவனுக்கு எழுதிக் காட்டினேன். ஒரு கிலோநியூட்டன் பத்துக் கோடி டைன். ஒரு டைன் சரியாக ஒரு கோடி பிக்கோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் ஒரு லட்சம் கோடி நானோநியூட்டன். பட்ஜெட் செய்தியில் வருகிற அதே லட்சம் கோடி. அலகு மாற்றப் பத்தின் அடுக்குகளைக் கழித்தால் போதும்: மெகா 6, பிக்கோ கழித்தல் 12, வித்தியாசம் 18. சின்ன அலகுக்குப் போனால் எண் பெருக்கும், பெரிய அலகுக்குப் போனால் சிறுக்கும்.

நம் கியூப் 5,900 கோடி டைன் தாங்கியது என்றதும் அவன் வாய் பிளந்தான். ஆனால் அந்தச் சைபர்களை யாரும் அளக்கவில்லை. எங்கள் மெஷினுக்கு ஒரு சதவீதம் பிழை உண்டு. அதுவே 59 கோடி டைன். அதனால் 5.9 பெருக்கல் பத்தின் அடுக்கு 10 என்று எழுதுவதுதான் நாணயம். வரிசையாகச் சைபர் போட்டால் ஒவ்வொரு டைனையும் எண்ணிப் பார்த்ததாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

பிக்கோநியூட்டனை யார் அளக்கிறார்கள் என்று கேட்டான். லேசர் ஒளியால் நுண்துகளைப் பிடித்து வைக்கும் முறைக்கு ஆர்தர் ஆஷ்கின் 2018-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த முறையில் அளக்கிறார்கள். செல்லுக்குள் சரக்கு இழுக்கும் கைனசின் புரதம் ஒன்றின் இழுவை சுமார் 6 பிக்கோநியூட்டன்.

"அப்போ நம்ம கியூபை உடைக்க எத்தனை கைனசின் வேணும்?"

வகுத்துப் பார்த்தோம். ஏறக்குறைய ஆயிரம் கோடி கோடி. அத்தனையையும் மெஷினுக்குள் எப்படி நிற்க வைப்பது என்று அடுத்த கேள்வி. சாப்பிடப் போடா என்றேன்.